நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

தம்பிகளா,

நேற்று மதியம் நான் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து உங்கள் வாய்ஸ் மெசேஜ் வந்தது, அண்ணன் முறைக்கு வழக்கம்போல ஒரு காக்கா போட்டு. "காக்கா, நரி சுடுறதுக்கு எந்த கேலிபர் பெஸ்ட்டு? பேரல் ட்விஸ்ட் எட்டா, பன்னெண்டா? கஸ்டமர் முன்னாடியே நிக்கிறாரு, சட்டுனு சொல்லுங்க." பின்னணியில் ஒருத்தர் அரபியில் ஏதோ கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் "யெஸ் அர்பாப், யெஸ் அர்பாப்" என்று முதலாளி முன்னால் போலத் தலையாட்டிக்கொண்டிருப்பது எனக்கு இங்கே ஷார்ஜா ரோலாவில், மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே தெரிந்தது. எனக்கு வந்த எரிச்சலில் மீன் குழம்பு ருசிக்கவில்லை.

எட்டு என்றோ பன்னிரண்டு என்றோ ஒரு சொல்லில் அனுப்பியிருக்கலாம். வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. அப்படிக் கேட்பதே தப்பு. இந்தத் தொழிலை விட்டு வந்த பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், விடமாட்டேன் என்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், போனை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மனதுக்குள் துப்பாக்கியை வாங்கி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள். மச்சான் ஒருவன் ஒட்டகப் பந்தயத்தில் சொல்லியிருப்பான், இல்லையென்றால் ஏதாவது ஒரு வீடியோவில் தாடிக்காரன் ஒருவன் சொல்லியிருப்பான். புறாக்கூண்டில் எலித் தொல்லை என்று சொல்லி, மலை ஆடு சுடுகிற அளவுக்குப் பெரிய ரைஃபிளைக் கேட்ட மனிதரை எனக்குத் தெரியும். "எலியை அடிச்சா கூண்டே போயிடுமே அர்பாப்" என்றேன். "கூண்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். இப்படிப்பட்டவர்களோடு பேசித்தான் எனக்குத் தலை நரைத்தது. ஆனால் அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரியாது, கேட்கிறார்கள். நமக்கு என்ன வந்தது?

ட்விஸ்ட் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. ஆனால் புதிதாக வந்திருக்கும் இருவருக்கும் அது என்னவென்றே தெரியாது என்று கேள்விப்பட்டேன். அட அல்லாவே! குழலுக்குள்ளே சுருள் சுருளாக வெட்டு இருக்கிறது, அது குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் எட்டு; பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டில் சுழற்சி மெதுவாக இருக்கும். பம்பரம் விட்டிருப்பீர்கள் அல்லவா? சுழற்சி போதாத பம்பரம் தலையாட்டிக்கொண்டே சாயும். நீளமான, கனமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும்; கொடுக்காவிட்டால் அதுவும் காற்றிலேயே சாய்ந்து, குறுக்காகப் போகும். எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. இவ்வளவுதான் விஷயம். இதை விளக்க வீடியோ தேவையில்லை.

சிக்கல் எங்கே என்றால், கேலிபர், அதாவது குழலின் துளை அளவு, ஒன்றாக இருந்தால் லேசான குண்டும் கனமான குண்டும் அதே துப்பாக்கிக்குள் போகும். வெளியே பெட்டியில் அதே எண்தான். பூட்டலாம், சுடலாம், சத்தம் கேட்கும். துப்பாக்கி எதிர்ப்புச் சொல்லாது. அதனால்தான் நம் கடைத்தெருவில் காலங்காலமாக ஓடுகிற அந்த இரண்டு சொல் இங்கே விஷமாகிறது: "சேம் சேம்."

ஷார்ஜாவில் கடைத்தெருவில் நின்ற எவனும் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்ட பிராண்டு தண்ணீர் வடிகட்டி இல்லையா, இதுவும் சேம் சேம். கேட்ட நிறத்தில் கூடாரம் இல்லையா, இது சேம் சேம், இன்னும் நல்லது. வந்த கஸ்டமர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. சமோசா மாதிரி எண்ணெயில் போட்டதை எல்லாம் விற்றுவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் நாம். கூடாரத்தில் சரி. துப்பாக்கியில்?

அபூ ராஷித் கதையை உங்களில் யாரும் கேட்டதில்லை. அப்போது நீங்கள் யாரும் கடையில் இல்லை.

அபூ ராஷித் தைத் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கிறவர். பேரீச்சை, ஆடு, கொஞ்சம் புறா. நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்கு நுனியில். ஒரு வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடைக்கு வந்தார். அவருக்குப் பின்னால், ஒட்டகத் தீவன மூட்டையையும் ஒரு கேஸ் சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிவிட்டு, வியர்வையோடு ஒருத்தன் வாசலிலேயே நின்றான். பண்ணையில் ஆடு பார்க்கிறவன். பார்த்ததுமே நம்ம ஊர் முகம். "எந்த ஊருப்பா?" என்று தமிழில் கேட்டேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "சிவகங்கை பக்கம் பாய். முத்துராமன்" என்றான்.

அபூ ராஷிதுக்கு நரித் தொல்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சுடுவதற்கு வேண்டிய அனுமதியெல்லாம் கையில் வைத்திருந்தார். "ரைஃபிள் கொடு, யல்லா, சீக்கிரம்" என்றார்.

நான் ரைஃபிளை எடுக்கவில்லை. கஹ்வா எடுத்தேன், நம்ம அரபுக் காப்பி. இதை எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. கஸ்டமர் உள்ளே வந்ததும் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கையில் துப்பாக்கி வந்த மனிதனுக்குக் காது அடைத்துவிடும். குறிபார்ப்பான், தோளில் வைப்பான், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வான். நீங்கள் கேட்பது எதுவும் உள்ளே போகாது. கஹ்வாவை ஊற்றுங்கள். அவர் கோப்பையை ஆட்டிப் போதும் என்று சொல்லும் வரைக்கும் உங்களுக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் அவர் எழுந்து போகமாட்டார், அது மரியாதை இல்லை.

"நரி எங்கே வருது அர்பாப்?"

"ஆட்டுப்பட்டிக்கு. வேறெங்கே வரும்?"

"நீங்க எங்க நின்னு சுடுவீங்க?"

"வாசல் பக்கத்து மேட்டில் இருந்து."

"பட்டிக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அங்கேதான் அவருக்குப் பொறுமை போனது. "நீ துப்பாக்கி விற்கிறாயா, போலீஸில் வேலை பார்க்கிறாயா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கஹ்வா ஊற்றினேன். வாசலில் நின்ற முத்துராமனைத் திரும்பிப் பார்த்து அதே கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"பட்டிய ஒட்டி என் ரூம்தான் பாய் இருக்கு" என்றான். "தகர ரூமு. ஏன் கேக்குறீக?"

அவ்வளவுதான், எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இந்த வேலைக்கு லேசான குண்டு வேண்டும். பட்ட இடத்தில் உடைந்து நொறுங்குகிற வகை. நரியில் பட்டாலும் சரி, தரையில் கிடக்கிற கல்லில் பட்டாலும் சரி, அதோடு முடிந்துவிடும். தாண்டிப் போய் இன்னொருவன் வீட்டுக் கதவைத் தட்டாது. அதைச் சுடப் பன்னிரண்டு ட்விஸ்ட் துப்பாக்கி ஒன்று கடையில் இருந்தது. ஆனால் லேசான குண்டு தீர்ந்துவிட்டது, ஷிப்மென்ட் துறைமுகத்தில் கிடந்தது. இருந்ததெல்லாம் கனமான, நீளமான குண்டு. காகித இலக்கில் போட்டி போடுகிறவர்கள் எட்டு ட்விஸ்ட் துப்பாக்கிக்கு வாங்குவது. எட்டு ட்விஸ்ட் துப்பாக்கியும் அப்போது தீர்ந்திருந்தது.

"அடுத்த வாரம் வாங்க அர்பாப். சரியான குண்டு வந்துடும். அதுவரைக்கும் ரூமை அங்கிருந்து நகர்த்த முடியுமான்னு பாருங்க" என்றேன்.

அவர் கோப்பையை ஆட்டிக் கீழே வைத்தார். "அடுத்த வாரத்துக்குள் நரி என் பட்டியைக் காலி செய்துவிடும்" என்றார். பிறகு முத்துராமனைக் காட்டி, "இன்னொரு குட்டி போனால் இவனும் போவான். இரவெல்லாம் தூங்குகிறான். டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவேன், கலாஸ்" என்றார். முத்துராமனுக்கு அரபி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டிக்கெட் என்றால் ஊருக்கு, கலாஸ் என்றால் முடிந்தது, இந்த இரண்டும் நன்றாகத் தெரியும். அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கு மனசே ஆறவில்லை. போகும்போது அவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் தெரியாது. நம்ம ஊர்ப் பையன், தனியாகக் கிடக்கிறான் என்றுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. கடையில் ஜாஃபர் இருந்தான். கீழக்கரைக்காரன், என்னோடு பல வருஷம் கவுண்டரில் நின்றவன். அவனைப் போல விற்க யாராலும் முடியாது. பாலைவனத்தில் மணல் விற்பான், வாங்கினவனும் சந்தோஷமாகப் போவான். அபூ ராஷித் ஜும்ஆ தொழுகை முடிந்து மறுபடி வந்திருக்கிறார். ஜாஃபர் பன்னிரண்டு ட்விஸ்ட் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்து, கூடவே கனமான குண்டுப் பெட்டியையும் கொடுத்து அனுப்பிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால், ஸ்டாண்டில் அந்தத் துப்பாக்கி இருந்த இடம் காலி. "யாருக்குடா குடுத்த?" என்றேன்.

"அபூ ராஷித்துக்குத்தான் காக்கா. நீங்க அடுத்த வாரம் வரச் சொன்னீங்களாம்ல. கையில வந்த கஸ்டமர எதுக்கு வுடணும்? குண்டும் அதே நம்பர்தானே. சேம் சேம்."

"எதுடா சேம் சேம்? நீளத்தப் பாத்தியா? அந்தக் குழல்ல அது குறுக்கால போகும்டா!"

"நரிதானே காக்கா. குறுக்கால பட்டாலும் நரி சாகத்தான் செய்யும்" என்று சிரித்தான்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம். நேராக மேனேஜரிடம் போனேன். அபூ ராஷிதுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம், குண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றேன். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெட்டியில இருக்குற நம்பரும் துப்பாக்கியில இருக்குற நம்பரும் ஒண்ணுதானே? அப்ப நம்ம பக்கம் தப்பு மாஃபி, இல்லவே இல்ல. அவரு முதலாளிக்கு வேண்டப்பட்டவரு. நம்மளே போய்த் தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னா கடை மானம் என்ன ஆகும்? அவரு கேட்டா பாத்துக்கலாம், விடு" என்றார்.

கேட்டால் பார்த்துக்கலாமாம்! யார் கேட்பது? குண்டு பட்டவன் எழுந்து வந்து கேட்பானா? நான் இதை வாய்விட்டே கேட்டுவிட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த மாசத்தோடு உனக்கும் டிக்கெட்தான் என்று எழுதியிருந்தது. எனக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள், பயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் வெளியே வந்து அபூ ராஷிதுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினேன். பார்க்கவில்லை. பிறகுதான் முத்துராமன் நம்பர் நினைவுக்கு வந்தது.

"ஆமா பாய், துப்பாக்கி வந்துருச்சு" என்றான். "இன்னைக்குச் சாயந்தரம் அசர் தொழுகை முடிஞ்சு வர்றேன்னாரு. நரி பட்டிக்குப் பின்னாடி புதர்ல பதுங்குதுல்ல, நான் அந்தப் பக்கம் நின்னு தகரத்தத் தட்டி வெரட்டணுமாம். அது இந்தப் பக்கம் ஓடியாரும்போது அவரு சுடுவாராம்."

"டேய், அங்க நிக்காதடா. அந்தத் துப்பாக்கியில அந்தக் குண்டு எங்க போகும்னே சொல்ல முடியாது. நிக்க முடியாதுன்னு சொல்லிடு."

போனில் ஆடு கத்துவது கேட்டது.

"எப்படிப் பாய் சொல்றது?" என்றான். "நிக்க மாட்டேன்னு சொன்னா, அப்ப ஊருக்குப் போன்னு சொல்லிருவாரு. நீங்க சொல்லுங்க பாய். உங்க சொல்லக் கேப்பாரு."

அவன் சொன்னது நியாயம். இந்த ஊரில் முதலாளியிடம் 'முடியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது? சொல்லவேண்டியவன் பொருளை விற்றவன். மேனேஜரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, அவன் அனுப்பிய லொகேஷனைப் போட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் ஜாஃபரைத் திட்டிக்கொண்டே போனேன். மேனேஜரைத் திட்டினேன். முன்னால் ஆமை மாதிரி ஊர்ந்த லாரிக்காரனையும் விட்டுவைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அபூ ராஷித் மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடியில் இருந்தது. தூரத்தில் பட்டிக்குப் பக்கத்தில் முத்துராமன் கையில் ஒரு தகரத் துண்டோடு நின்றான். நல்ல வேளை, இன்னும் ஆரம்பிக்கவில்லை. சலாம் சொல்லி உட்கார்ந்தேன். அவருக்கு ஆச்சரியம். கடைக்காரன் பண்ணைக்கு வருவது வழக்கமில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதை எந்த ட்ரெய்னிங்கிலும் சொல்லித்தரமாட்டார்கள். 'மாலேஷ் அர்பாப், பரவாயில்லை, சின்ன விஷயம்' என்று இழுத்தால் அவர் காதில் ஏறாது. நான் நேராகச் சொன்னேன். "இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. எங்க கடை தப்பாக் கொடுத்துடுச்சு. திருப்பி எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

அவர் முகம் சிவந்தது. "உன் கடையில் ஒருத்தன் சேம் சேம் என்கிறான். ஒருத்தன் ஆகாது என்கிறான். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது?"

"நம்ப வேண்டாம் அர்பாப். நீங்களே சுட்டுப் பாருங்க."

தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. முத்துராமனை எங்கள் பக்கம் கூப்பிட்டு எங்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். பட்டிக்கு நேர் எதிர்த்திசையில் பெரிய மணல் மேடு இருந்தது. பெட்டியை அதன் அடியில் வைத்துவிட்டு வந்தேன். அபூ ராஷித் நன்றாகச் சுடுகிறவர், சின்ன வயதிலிருந்து பழக்கம். நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். இன்னொரு தடவை சுட்டார். பிறகு இன்னொரு தடவை.

போய்ப் பார்த்தோம். ஒரு குண்டு பெட்டியிலேயே படவில்லை. மற்ற இரண்டும் ஆளுக்கொரு மூலையில் பட்டிருந்தன. வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை, குண்டைப் படுக்கவைத்து அழுத்தினது போல நீளமாக இருந்தது. அபூ ராஷித் அந்த ஓட்டையில் விரல் நுனியை வைத்துப் பார்த்தார். "நேற்று மாலை ஒரு தடவை சுட்டேன்" என்றார். "நரியைப் பார்த்துத்தான் சுட்டேன். படவில்லை, ஓடிவிட்டது."

"அந்தக் குண்டு எங்க போச்சு?"

"தெரியாது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி முத்துராமனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நேத்து சுட்டது எங்கடா போச்சு?" என்று தமிழில் கேட்டேன்.

"தெரியாது பாய்" என்றான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை. எனக்கு ஏதோ உறுத்தியது. அவனை விட்டுவிட்டு அவன் ரூமுக்கு நடந்தேன். "அங்க ஒண்ணும் இல்ல பாய், ஒரே அழுக்கு, வராதீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடிவந்தான்.

உள்ளே ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஸ்டவ், கயிற்றில் நாலு துணி. கட்டில் ஓரத்துச் சுவரில், சூப்பர் மார்க்கெட்டில் கொடுக்கிற காலண்டர் ஒன்று தொங்கியது. யாராவது காலண்டரைத் தலையணைக்குப் பக்கத்தில், அவ்வளவு தாழ்வாக மாட்டுவார்களா? படுத்துக்கொண்டே தேதி பார்ப்பானா? நான் அதைத் தூக்கினேன்.

தலையணைக்கு ஒரு சாண் மேலே, தகரத்தில் நீளமான ஓட்டை. வெளியே இருந்து வெயில் அதன் வழியாக வந்து தலையணை மேல் விழுந்தது.

"சுடும்போது நீ எங்கடா இருந்த?"

"தாயில்லாக் குட்டி ஒண்ணு கெடக்கு பாய், அதுக்குப் பால் குடுக்கப் பட்டிக்குள்ள போயிருந்தேன். இல்லாட்டி அந்த நேரம் இங்கதான் கால நீட்டிக் கெடப்பேன்."

"ஏன்டா சொல்லல? படுபாவி, ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?" என்றான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "நரி தூக்கிட்டுப் போன குட்டிக்கே நான்தான் காரணம்னு சொல்றாரு. ரூமுல ஓட்ட விழுந்துருச்சுன்னா, உன் ரூமு ஏன் குண்டு வர்ற வழியில இருந்துச்சுன்னு கேப்பாரு. பேசாம இருந்தா வேலையாவது மிஞ்சும்னு இருந்தேன். நேத்து ராத்திரி கட்டிலுக்குக் கீழதான் படுத்தேன்."

அபூ ராஷித் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஓட்டையைப் பார்த்துவிட்டார். "என்ன சொல்கிறான்?" என்று என்னிடம் கேட்டார்.

தம்பிகளா, நான் உங்களிடம் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? 'ஒன்றுமில்லை அர்பாப், பயந்துவிட்டான்' என்று மழுப்பினால் எல்லாருக்கும் நல்லது. அவருக்குக் கோபம் வராது, இவனுக்கும் வேலை மிஞ்சும். அப்படித்தான் என் நாக்கும் ஒரு கணம் புரண்டது. ஆனால் முத்துராமன் முகத்தைப் பார்த்தேன். மழுப்பினால் அவன் இன்று ராத்திரியும் கட்டிலுக்குக் கீழேதான் படுப்பான். அவன் சொன்னதை அப்படியே, ஒரு சொல்லும் குறைக்காமல், அரபியில் சொன்னேன். நரி தூக்கிப்போன ஆட்டுக்குட்டிக் கதையையும், 'உன் ரூமு ஏன் வழியில இருந்துச்சு' என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அபூ ராஷித் உள்ளே வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். தலையணையைக் கையால் தடவினார். பிறகு எழுந்து முத்துராமனைப் பார்த்துக் கத்தினார் பாருங்கள்! "நீ என்ன கல்லா? உனக்கு வாய் இல்லையா? நீ செத்திருந்தால் உன் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" அவர் கத்தக் கத்த, முத்துராமன் அரபி புரியாமல், வேலை போயிற்று என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டான். "அழாதடா, உன்ன அனுப்பல. நீ செத்துப் போயிருப்பியேன்னுதான் கத்துறாரு" என்றேன். அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே ஒரு குண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, குண்டுப் பெட்டியை என்னிடமே கொடுத்து அனுப்பினார். மறுநாளே ஆள் கூப்பிட்டு ரூமை மணல் மேட்டுக்குப் பின்னால் தூக்கி வைத்தார். சுவரில் அந்தத் தகரத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் போட்டார். அடுத்த வாரம் லேசான குண்டு வந்தது, வாங்கிப் போனார். ஆனால் அதற்குள் முத்துராமன், நரி பட்டிக்கு அடியில் பள்ளம் தோண்டித்தான் வருகிறது என்று கண்டுபிடித்துக் கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கிப் புதைத்துவிட்டான். நரி வருவது நின்றுபோனது. அந்தத் துப்பாக்கி இன்று வரை நரியைச் சுடவில்லை என்று நினைக்கிறேன். முத்துராமன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். லீவில் ஊருக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் எனக்கு முறுக்கு கொண்டுவருவான்.

எனக்கு டிக்கெட் வரவில்லை. வராததற்குக் காரணம் மேனேஜரின் நல்ல மனசு இல்லை, அபூ ராஷித். லேசான குண்டு வாங்கிப் போன அந்த வாரமே ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும் நேரத்தில் வந்தார். நான் கஹ்வாப் பாத்திரத்தை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நேராக ஜாஃபர் முன்னால் போய் நின்றார். அக்குளில் துணி சுற்றி எதையோ வைத்திருந்தார். அதை எடுத்துக் கவுண்டரில் போட்டார். முத்துராமன் ரூமிலிருந்து வெட்டியெடுத்த தகரம். நடுவில் அந்த நீளமான ஓட்டை. பையிலிருந்து லேசான குண்டு ஒன்றும் கனமான குண்டு ஒன்றும் எடுத்துத் தகரத்தின் மேல் பக்கம் பக்கமாக வைத்தார்.

"சேம் சேம்?" என்று கேட்டார்.

ஜாஃபர் இரண்டு குண்டின் நீளத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். அபூ ராஷித் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தகரத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மேனேஜர் அதோடு என்னை அந்த டிக்கெட் பார்வை பார்ப்பதை விட்டார். அதற்குப் பிறகு ஜாஃபர் வேறு எதற்குச் சொன்னாலும், துப்பாக்கி விற்கிற பக்கத்தில் அந்த இரண்டு சொல்லைச் சொன்னதில்லை.

அந்தத் தகரம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். உங்கள் காலடியில்தான் இருக்கிறது. போன மாசம் கடைக்கு வந்தபோது பார்த்தேன். கவுண்டருக்குக் கீழே, டீ ஃபிளாஸ்க் வைக்கிற தட்டாக ஆக்கிவைத்திருக்கிறீர்கள். சுற்றிலும் டீ கறை, ஓட்டைக்குள் பிஸ்கட் தூள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே ஃபிளாஸ்க்கைத் தூக்கி எறிந்திருப்பேன், கஸ்டமர் இருந்தார்களே என்று பொறுத்துக்கொண்டேன்.

இப்போது ஃபிளாஸ்க்கை இறக்கி வையுங்கள். தகரத்தைத் துடைத்துக் கவுண்டர் மேலே வையுங்கள். நேற்று வந்த அந்த நரிக்காரர் மறுபடி வந்தால் கஹ்வா ஊற்றி, பட்டிக்குப் பின்னால் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலோடு, எந்த நேரமானாலும் சரி, எனக்குப் போன் போடுங்கள். எட்டா, பன்னிரண்டா என்று அப்போது சொல்கிறேன்.